அம்மா விபூதி போட்டுத் தேய்த்த இரும்புச் சிலுவை

போன வருஷம் அம்மா ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தார். ஒரு நாள் நான் வேலைக்குப் போன பிறகு பொழுது போகாமல் என் அலமாரியைத் திறந்திருக்கிறார். மரப்பெட்டிக்குள் துணி விரித்து வைத்திருந்த சிலுவை ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. ஓரமெல்லாம் வெள்ளி, ஆனால் கறுத்துப்போன வெள்ளி. சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் ஒரு கிண்ணத்தில் விபூதி, பக்கத்தில் கிழிந்த வேட்டித் துண்டு. நடுவில் அந்தச் சிலுவை, செய்த பட்டறையிலிருந்து வெளியே வந்த நாளில்கூட இருந்திருக்காத பளபளப்போடு.

"வெள்ளிச் சாமானை இப்படியாடா கறுக்க விட்டு வைப்பாங்க? குங்குமச் சிமிழ் மாதிரி ஆக்கிட்டேன் பாரு" என்றார்.

பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து நடப்பது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

அது நான் சேகரிக்கும் பழைய ஜெர்மன் ராணுவச் சின்னங்களில் ஒன்று, 1914-ஆம் ஆண்டு இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு. 1813 மார்ச்சில் நெப்போலியனோடு சண்டை தொடங்கிய நேரத்தில் அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசர் மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ஏற்படுத்திய விருது. பிறகு 1870-லும் 1914-லும் 1939-லும் புதுப்பித்தார்கள். 1914 சிலுவையின் ஒரு பக்கத்தில் கிரீடம், நடுவில் 'டபிள்யூ' எழுத்து, கீழே 1914. மறுபக்கம் பழைய அரசரின் பெயரெழுத்துகள், ஓக் இலை, 1813. நடுவில் இருப்பது கறுப்புப் பூச்சு பூசிய இரும்பு. அதைச் சுற்றி வெள்ளிச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு முதலில் பனி படிந்தது போன்ற ஒரு மங்கலான வெண்மை கொடுத்து, வெளி விளிம்பை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். நூறு வருஷத்தில் அந்த வெண்மை மேல் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு கறுப்பு ஏறும். இதற்குத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள். விபூதி அதை அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டது. அடியில் இருந்த பனி வெண்மையையும் சேர்த்து.

ஒரு விஷயத்தை மட்டும் அன்றைக்கு நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். அம்மா கெடுத்தது அதன் நிலையை. அசல் தன்மையை அவரால் தொட முடியாது. தேய்த்தாலும் அது அசல்தான். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் ஆரம்பத்தில் நான் பணத்தைக் கோட்டைவிட்டேன். 'எவ்வளவு நன்றாக இருக்கிறது' என்று பார்ப்பதற்கு முன்னால் 'இது என்ன, எப்படிச் செய்தது' என்று பார்த்திருக்க வேண்டும்.

என் கதையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஜெர்மனிக்கு வருவதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில், தகட்டை அழுத்திச் சாமான் செய்யும் ஒரு ப்ரெஸ் ஷாப்பில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். உருவம் குடைந்த எஃகு அச்சான டை, குத்தி இறங்கும் பஞ்ச், தகடு, வெட்டிய ஓரத்தில் பிதுங்கும் பர், இதுதான் என் சோறு. ஒரு தகட்டுச் சாமானைக் கையில் எடுத்தால் அது டையில் அடித்ததா, உருக்கி வார்த்ததா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அப்படிப்பட்டவன் முதன்முதலில் 280 யூரோ கொடுத்து வாங்கிய பேட்ஜ், ஒரு வார்ப்புப் போலி.

ஜெர்மனியில் கோடைக்காலச் சனிக்கிழமைகளில் ஊருக்கு ஊர் பழஞ்சாமான் சந்தை கூடும். ஃப்ளோமார்க்ட் என்பார்கள். காப்பி அரைக்கும் எந்திரம், பீங்கான் தட்டு, பாட்டியின் பின்னல் துணி, இவற்றுக்கு நடுவே யாராவது ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் பழைய ராணுவச் சின்னங்களை வைத்திருப்பார். அப்படி ஒருவரிடம் பார்த்தது, பிரஷ்ய ராணுவ விமானியின் பேட்ஜ். 1913 ஜனவரி 27, ஜெர்மன் பேரரசரான கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் தன் பிறந்தநாளன்று ஏற்படுத்திய சின்னம். நீள்வட்டமாக ஓர் இலை வளையம், உச்சியில் கிரீடம், உள்ளே வயலும் நிலமும், மேலே பறக்கும் டௌபே விமானம். டௌபே என்றால் ஜெர்மனில் புறா. அந்த விமானத்தின் இறக்கை நிஜமாகவே புறா இறக்கை மாதிரிதான் இருக்கும்.

விற்றவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினார். தாத்தாவுடையதாம். பிரான்ஸ் எல்லையில் பறந்தவராம். பாட்டி அதைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குவாராம். பேசும்போது அவர் கண் கலங்கியது, என் கண்ணும் கலங்கியது. நான் பார்த்தது தலையணையை. பேட்ஜைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வேறொரு ஊரில் ஏலத்துக்கு வந்த ஒரு விமானி பேட்ஜின் படத்தைப் பார்த்தேன். டௌபேயின் இடது இறக்கையில் சாய்வாக ஒரு கீறல். என் பேட்ஜிலும் இடது இறக்கையில் சாய்வாக ஒரு கீறல். அதே இடம், அதே நீளம், நுனியில் அதே சின்னக் கொக்கி. வயிறு கலங்கிவிட்டது. இரண்டு விமானிகள் இரண்டு போர்முனையில் ஒரே மாதிரி கீறிக்கொள்ள மாட்டார்கள். யாரோ அசல் ஒன்றை வைத்து அச்சு எடுத்திருக்கிறார்கள். அசலில் இருந்த காயமும் அச்சில் ஏறி, ஒவ்வொரு நகலுக்கும் பிறவித் தழும்பாக வந்திருக்கிறது.

அன்று ராத்திரி பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அவமானமாக இருந்தது. இலைகளுக்கு நடுவே ஊசிமுனை அளவுக்குக் குழிகள். எங்கள் ஷாப்பில் ப்ளோ ஹோல் என்போமே, அதேதான். உருகிய உலோகம் ஆறும்போது காற்று மாட்டிக்கொண்டு விடும் குழி. கிரீடத்தின் முனைகள் பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்தன. பின்பக்கம் பெர்லின் பட்டறை ஒன்றின் பெயர் இருந்தது. அதை வைத்துத்தான் நம்பினேன். லூப்பில் பார்த்தால் எழுத்துகளின் அடி உருண்டையாக இருக்கிறது. குத்திய எழுத்து அப்படி இருக்காது. பஞ்ச் முனை இறங்கிய இடத்தில் சுவர் செங்குத்தாக நிற்கும், ஓரத்தில் உலோகம் கொஞ்சம் பிதுங்கியிருக்கும்.

அடித்த சாமானுக்கும் வார்த்த சாமானுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இதற்குத்தான் நான் மதிப்பு கொடுக்கிறேன். அந்தக் காலத்து நல்ல பேட்ஜ் எல்லாம் டையில் அடித்தவை. பல டன் அழுத்தம் விழும்போது உலோகம் டையின் கடைசி மூலை வரை போய் நிரம்பும். அதனால் உருவங்களின் விளிம்பு கூர்மையாக நிற்கும். உருவங்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம் வழவழவென்று இருக்கும், ஏனென்றால் டையை அப்படி மெருகேற்றி வைத்திருப்பார்கள். வார்ப்பில் அந்த வெற்றிடத்தைப் பார்த்தாலே போதும். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு இருக்கும். அதை மறைக்கத் தேய்த்திருந்தால், உருவத்துக்குப் பக்கத்தில் தேய்க்க முடியாத இடுக்கில் அந்தச் சொரசொரப்பு மிச்சமிருக்கும். அப்புறம் அளவு. உலோகம் ஆறும்போது சுருங்கும். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்தது அசலைவிட ஒரு முடியளவு சின்னதாகத்தான் வரும். இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை ஏறக்குறைய 42 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் நான் வெர்னியரை இன்னொரு தரம் வைத்துப் பார்ப்பேன். பட்டறைக்குப் பட்டறை அளவு கொஞ்சம் மாறும் என்பதால் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் சுருக்கமும் மழுங்கலும் ஒன்றாக இருந்தால் பேச்சே இல்லை.

அந்தப் போலியை நான் தூக்கி எறியவில்லை. இப்போதும் மேசை டிராயரில் இருக்கிறது. புதிதாக எதையாவது வாங்கப் போகும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். மனசு இளகும்போதெல்லாம் அதை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

சரி, கண் எப்படிப் பழகும்? புத்தகமும் படமும் ஓரளவுக்குத்தான். அசலைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் பழகும். விலை உயர்ந்த அசலை யாரும் நமக்குத் தரமாட்டார்கள், அதனால் விலை குறைந்த அசலில் தொடங்கினேன். 1934 ஜூலை 13 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் ஏற்படுத்திய உலகப்போர் கௌரவச் சிலுவை இருக்கிறதே, அதுதான் என் அரிச்சுவடி. முதல் உலகப்போரில் பணியாற்றியவர்கள் விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொண்டார்கள். 80 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். போர்முனையில் நின்றவர்களுக்கு வாள் வைத்தது, மற்றவர்களுக்கு வாள் இல்லாதது. சந்தையில் பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கும். அந்த விலைக்குப் போலி செய்தால் செய்கிறவனுக்குக் கூலிகூடக் கட்டாது.

ஒரு தட்டில் குவித்து வைத்திருந்ததில் ஐந்தைப் பொறுக்கி வந்தேன். இரும்பின் மேல் வெண்கல நிறப் பூச்சு, பின்னால் செய்தவரின் குறி. மாதக்கணக்கில் அவற்றை லூப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சு எங்கே முதலில் போகிறது, துரு எப்படித் தலைகாட்டுகிறது, வளையம் தொங்கித் தொங்கி உள்பக்கம் எப்படித் தேய்கிறது, எல்லாம் அந்த ஐந்திடம் படித்ததுதான். அதில் ஒன்று முழுக்கக் கறுப்பு. அழுக்கு என்று நினைத்துத்தான் வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, கறுப்பு விதவைகளுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் கொடுத்தது. மற்ற நான்கிலும் சட்டையில் உரசிய தேய்மானம் இருக்கிறது. இதில் துளிகூட இல்லை. வாங்கியவர் ஒரு நாள்கூட அணியவில்லை போலிருக்கிறது.

ராஸ்டட் அரண்மனையில் ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே சின்னங்கள் இருந்த கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அதைவிட உபயோகமாக இருந்தது ஃபோர்ட்ஸ்ஹைம். நகைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். சின்னங்களும் பதக்கங்களும் அங்கே ஏராளமாகச் செய்தார்கள். 1945 பிப்ரவரி 23 ராத்திரி குண்டுவீச்சில் ஊரே எரிந்து 17,000 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே நகை, கடிகாரத் தொழிலுக்கென்று ஒரு தொழில்நுட்ப அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கால ப்ரெஸ் எந்திரங்களைப் பார்த்ததும் எனக்கு அம்பத்தூருக்கே திரும்பிப் போனது போல் இருந்தது. எண்ணெய் வாசனைகூட அதேதான். இந்தப் பேட்ஜ்களைச் செய்தவர்கள் என்னைப் போன்ற ஷாப் ஆட்கள்தான் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அதற்கு முன்னால் வரை அவற்றை ராணுவத்தின் சொத்தாகப் பார்த்தேன். அதன் பிறகு ப்ரெஸ் சாமானாகப் பார்க்கத் தொடங்கினேன். ஏமாறுவதும் குறைந்தது.

எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் பைத்தியம் தெரிந்து ஒரு நாள் கூப்பிட்டு, சிகார் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே அவர் தாத்தாவின் காயச் சின்னம், கூடவே மடித்து மடித்து மடிப்பில் கிழிந்த சான்றிதழ். 1918 மார்ச் 3 அன்று ஏற்படுத்தியது இந்தச் சின்னம். ஒன்றிரண்டு முறை காயம் பட்டவருக்குக் கறுப்பு, மூன்று நான்கு முறை என்றால் வெள்ளி நிறம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தங்க நிறம். நீள்வட்டம், சுற்றிலும் இலை வளையம், நடுவில் குறுக்காக இரண்டு வாள், அதன் மேல் எஃகுத் தொப்பி. தாத்தாவுடையது கறுப்பு.

அதைப் பார்த்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது அதிகம். மெல்லிய இரும்புத் தகட்டில் அடித்தது. திருப்பினால் பின்பக்கம் குழிவாக, முன்பக்க உருவம் உள்வாங்கித் தெரிந்தது. தொப்பியின் உச்சியிலும் வாள் பிடியிலும் கறுப்புப் போய் இரும்பு பளிச்சிட்டது. இலைகளின் இடுக்கில் கறுப்பு அப்படியே இருந்தது. சட்டையில் குத்தும் ஊசி கொஞ்சம் வளைந்து, கொக்கி தொடும் இடத்தில் தேய்ந்து மின்னியது. ஓரத்தைச் சாய்த்து லூப்பில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தகட்டை வெட்டிய இடத்தில் பாதி வழவழப்பான பட்டை, பாதி முறிந்த சொரசொரப்பு. பஞ்ச் தகட்டுக்குள் இறங்கும்போது முதல் பாதியை வெட்டும், மீதி தானாக முறியும். அம்பத்தூரில் தினமும் ஆயிரம் தடவை பார்த்த ஓரம். வார்ப்புப் போலிக்கு இந்த ஓரம் வராது. அரத்தால் ராவியிருப்பார்கள், ராவிய கோடு தெரியும். ஆனால் வாளுக்கும் வளையத்துக்கும் நடுவே துளை விட்ட வகைக் காயச் சின்னமும் உண்டு. அதில் துளைக்குள் அரக் கோடு இருப்பது இயல்புதான், அதை வைத்துப் பயந்துவிட வேண்டாம்.

தேய்மானத்தைப் பற்றி அந்தச் சின்னம் சொல்லிக்கொடுத்ததை இன்னும் பயன்படுத்துகிறேன். உண்மையாக அணிந்த சாமான், உயர்ந்த இடத்தில்தான் தேயும், பள்ளத்தில் புதிதாகவே இருக்கும். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால், ஏற்கெனவே தேய்ந்த ஒன்றிலிருந்து அச்சு எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துருவும் அப்படித்தான். நூறு வருஷத்துத் துரு கரும்பழுப்பாக, கெட்டியாக, பூச்சுக்கு அடியிலிருந்து கொப்புளம் மாதிரி மேலே தள்ளிக்கொண்டு வரும். போன மாதம் உப்பிலும் அமிலத்திலும் ஊறப்போட்டு வரவழைத்த துரு ஆரஞ்சுப் பொடியாக எல்லா இடத்திலும் சமமாகப் படிந்திருக்கும், விரலில் ஒட்டும். ஒரு தடவை நான் முகர்ந்து பார்த்த சிலுவையில் வினிகர் வாடை வந்தது. விற்றவர் சாலட் சாப்பிட்டேன் என்றார்.

இரும்புச் சிலுவைக்கு வருகிறேன். இதில் முதலில் பார்க்க வேண்டியது முகத்தை இல்லை, விளிம்பை. அசல் மூன்று துண்டு. இரும்பு நடுவில், முன்னும் பின்னும் வெள்ளிச் சட்டத்தின் இரண்டு பாதி, சேர்த்து ஓரத்தில் பற்றவைத்தது. நன்றாகச் செய்ததில் அந்தப் பற்று முடிக்கோடு மாதிரி இருக்கும், சில பக்கங்களில் ராவி மறைத்திருப்பார்கள், ஆனால் நான்கு கைகளையும் சுற்றி வந்தால் எங்காவது ஓரிடத்தில் காட்டிக்கொடுக்கும். மலிவான போலி ஒரே துண்டாக வார்த்து, நடுவில் கறுப்பு, ஓரத்தில் வெள்ளி என்று பெயிண்ட் அடித்தது. அதில் கறுப்பும் வெள்ளியும் சேரும் இடம் வெறும் நிறம் மாறும் கோடு. அசலில் அங்கே நிஜமான ஒரு இடுக்கு இருக்கும். இரும்பு ஒரு பொருள், சட்டம் இன்னொரு பொருள், நடுவில் நூறு வருஷத்து அழுக்கு. சட்டத்தின் உள் வரிசையில் இருக்கும் சின்னச் சின்ன மணிக்கோடுகள் மூலையில் சந்திக்கும் இடத்தையும் விடாமல் பாருங்கள். போலி அங்கேதான் களைத்துப்போகும்.

நடுவில் மறுபடி கறுப்பு அடித்திருந்தால்? இது அசலையும் கெடுக்கும் விஷயம், அடிக்கடி பார்க்கலாம். பழைய பூச்சு மெல்லியது, '1914' என்ற எண்களின் மூலை கூர்மையாகத் தெரியும். புதுப் பூச்சு எண்ணின் இடுக்கில் தேங்கி நிற்கும். போலி இல்லை, ஆனால் விலையில் பாதி போச்சு. ஊசியை மாற்றிப் பற்றவைத்த பேட்ஜும் இதே கணக்குத்தான்.

காந்தத்தைப் பற்றி ஆளுக்கு ஆள் சொல்வார்கள். இரும்பு நடு என்றால் காந்தம் ஒட்டும், சரி. ஆனால் போலி செய்கிறவனுக்கும் இரும்பு கிடைக்கும். இன்னொரு பக்கம், காந்தம் ஒட்டாத நடுப்பகுதி கொண்ட அசல்களும் உண்டு. காந்தம் பேச்சைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான்.

குறிகளும் அப்படித்தான். தொங்கும் வளையத்தில் 'கே.ஓ.' என்று பொடி எழுத்தில் இருந்தால் பெர்லின் அரசு நாணயச்சாலையின் குறி. குறியே இல்லாத அசல்கள் எத்தனையோ. வெள்ளிச் சாமானில் 800 என்ற எண்ணோடு பிறையும் கிரீடமும் இருந்தால் 1888-க்குப் பிறகு வந்த ஜெர்மன் வெள்ளிக் குறி. ஆனால் குத்துவதற்கு மிகச் சுலபமானதும் குறிதான். என் போலி விமானியும் குறியோடுதானே வந்தான்.

'அசல்' என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசு கொடுத்த சிலுவை ஒரு வகை. அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, தினசரி அணிய நகைக்கடையில் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டது இன்னொரு வகை. முதல் வகுப்புச் சிலுவைகளில் இப்படி வாங்கியவை நிறைய. முழு வெள்ளியில், வளைவு கொடுத்து, பின்னால் திருகு வைத்து என்று ஆசைக்கேற்பச் செய்துகொண்டார்கள். அவையும் அசல்தான், பாடப்புத்தகப் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அப்புறம் 1957 வகை. அந்த வருஷம் ஜூலை 26-ஆம் தேதிச் சட்டத்தின்படி, இரண்டாம் உலகப்போர் விருதுகளை ஹாக்கன்க்ராய்ட்ஸ் என்ற நாஜிச் சின்னம் நீக்கிய வடிவத்தில் அணியலாம் என்றார்கள். 1939 சிலுவையில் அந்தச் சின்னம் இருந்த இடத்தில் ஓக் இலை வந்தது. சட்டப்படி செய்த நேர்மையான சாமான், ஆனால் போர்க்காலத்தது இல்லை. சந்தையில் 'போர்க்காலம்' என்ற விலையில் கிடந்தால் கேள்வி கேளுங்கள்.

ஹாக்கன்க்ராய்ட்ஸ் பொறித்த நாஜி காலச் சாமானை நான் வாங்குவதில்லை. ஹாக்கன்க்ராய்ட்ஸை ஜெர்மனியில் பொதுவில் காட்டுவது குற்றம். ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. சந்தையில் சிலர் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள். ஆனால் எனக்குச் சட்டம் மட்டும் காரணம் இல்லை. ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பதை அம்மா பார்த்தால் நம் ஊர் ஸ்வஸ்திக் என்று நினைத்துப் பொட்டு வைப்பார். அதை அவருக்கு விளக்குகிற தெம்பு எனக்கு இல்லை. அதோடு, அந்தச் சாமானுக்குத்தான் விலை அதிகம், விலை அதிகமான இடத்தில்தான் நல்ல திறமைசாலிகள் போலி செய்கிறார்கள்.

ரிப்பனை மறந்துவிட்டேன். இரண்டாம் வகுப்புச் சிலுவைக்குக் கறுப்பில் வெள்ளைக் கரை போட்ட ரிப்பன், போர்முனைக்குப் போகாதவர்களுக்கு வெள்ளையில் கறுப்புக் கரை. புற ஊதா டார்ச் அடித்தால் இக்கால நூல் நீலமாக ஒளிரும், பழைய நூல் மங்கலாக இருக்கும். ஆனால் பழைய ரிப்பனை யாராவது சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும், ஏனென்றால் வெண்மையூட்டும் பொருள் சோப்பில் இருக்கிறது. என் சிலுவையின் ரிப்பனை அம்மா துவைக்கவில்லை. துவைக்க வாளியில் போடுவதற்குள் நான் வந்துவிட்டேன் என்பது பிறகு தெரிந்தது.

அந்தச் சிலுவை எனக்குக் கிடைத்த கதையைச் சொல்லாமல் விட்டேன். வேறொரு சந்தை, வேறொரு கிழவர். எந்த ஊர் என்று கேட்டார். சென்னை, பழைய மெட்ராஸ் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "மெட்ராஸா! எம்டன்!" என்றார்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதை எனக்குத் தெரியாதா என்ன? உயர் நீதிமன்றச் சுவரில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. யாராவது சாமர்த்தியமாக ஏமாற்றினால் என் பாட்டி "அவன் சரியான எம்டன்" என்பார். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து முடித்தது. கேப்டன் முல்லருக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் மாலுமிகள் பலருக்கும் கைசர் இரும்புச் சிலுவை கொடுத்ததும் உண்மை.

கிழவர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சிலுவையை எடுத்தார். எம்டன் மாலுமி ஒருவருடையது, அந்த ஊர்க்காரரான உங்களிடம்தான் போக வேண்டும் என்றார். 400 யூரோ.

உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. சட்டைப் பையில் இருந்த போலி விமானியைத் தடவிக்கொண்டேன். லூப்பை எடுத்தேன். மூன்று துண்டு, பற்றுக்கோடு இருந்தது. மூலை மணிக்கோடு கூர்மை. வளையத்தில் 'கே.ஓ.' எழுத்துகளின் சுவர் செங்குத்து. சட்டத்தில் பனி வெண்மை, அதன் மேல் அழகான கறுப்பு. சந்தேகமே இல்லாத அசல். ஆனால் எம்டன் எங்கே? இந்தச் சிலுவைகளில் பெயரோ கப்பலோ எழுதுவதில்லை. லட்சக்கணக்கில் கொடுத்ததில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. யாருடையது என்று சொல்ல வேண்டியது சான்றிதழ், படைவீரரின் சர்வீஸ் புத்தகம், இப்படி ஏதாவது காகிதம்.

"காகிதம் இருக்கிறதா?" என்றேன்.

"போரில் எரிந்துவிட்டது" என்றார்.

"அப்படியென்றால் சிலுவைக்கு 60 தருகிறேன். எம்டனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். 75-க்கு முடிந்தது. கிளம்பும்போது, "நல்ல கதை, இல்லையா?" என்று கேட்டுக் கண்ணடித்தார்.

இப்போது அதன் நிலை பற்றிக் கேட்டால், விபூதிக்குப் பிறகு ஒரு விற்பனையாளர் 35 யூரோ என்றார். திரும்பக் கறுக்க வைக்க ரசாயனம் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அதைச் செய்தால் நானும் போலிக்காரன் ஆகிவிடுவேன், அதனால் விட்டுவிட்டேன். காற்றில் தானாகக் கறுக்கட்டும். பிவிசி உறையில் போடுவதில்லை, அது நாள்பட்டால் உலோகத்தைப் பச்சையாக்கும். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்று, வெறுங்கையால் தொடுவதில்லை. இரும்பு நடுவுக்கு ஈரம்தான் எமன். அதனால்தான் எதையும் சென்னைக்குக் கொண்டுபோகவில்லை.

சின்னத் துண்டுக் காகிதம் ஒன்றில் "இரண்டாம் வகுப்பு, 1914, கே.ஓ. குறி, சட்டம் மெருகேற்றப்பட்டது, வாங்கியது 75 யூரோ, யாருடையது தெரியாது" என்று எழுதி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

கிழவர் சொன்ன கதையை ஒரு நாள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். போன வாரம் வீடியோ காலில் அம்மாவுக்குப் பின்னால் சித்தி உட்கார்ந்திருந்தார். அம்மா என்னிடம், "அந்த மெடலைக் கொஞ்சம் கேமராவில காட்டுடா" என்றார். காட்டினேன். அம்மா சித்தி பக்கம் திரும்பி, "பாத்தியா? நம்ம ஊர்ல குண்டு போட்டானே எம்டன், அந்தக் கப்பல்காரனோடது. ஒரே கறுப்பா கெடந்துச்சு. நான்தான் தேய்ச்சு வெச்சேன்" என்றார்.